பின் அச்சில் 1130 கிலோ: பழைய கொம்பிக்கு ரயர் தேடியது

வானை வாங்கி வந்த அன்று நான் முதலில் பார்த்தது ரயரைத்தான். நாலிலும் வரிப்பள்ளம் நல்ல ஆழமாக இருந்தது. பின் ரயரில் அளவுகோலை விட்டுப் பார்த்தேன், 5 மில்லிமீற்றருக்குக் கிட்ட. "ரயருக்கு இப்போதைக்குச் செலவில்லை" என்று மனுசியிடம் சொல்லிவிட்டு, பிறேக், ஒயில் கசிவு, கூரை ஒழுக்கு என்று மற்ற வேலைகளில் இறங்கினேன். அது 2024 ஆவணி. ஆறு மாதம் கழித்து அந்த நாலையும் ஒரே நாளில் கழற்றிப் போட்டேன். அவற்றில் என்ன பிழை இருந்தது, புதிதை எதை வைத்துத் தெரிந்தெடுத்தேன் என்பதை, இதுபோன்ற பழைய வான் வைத்திருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

வான் 1975ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் ரைப் 2. இங்கே எல்லாரும் கொம்பி என்றுதான் சொல்வார்கள். முன்கண்ணாடி வளைந்த ஒரே துண்டாக இருக்கிற மொடல். 1600 சிசி இன்ஜின், காற்றால் குளிர்வது, பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முந்தைய சொந்தக்காரர் உள்ளே மடிக்கிற கட்டில், பலகை அலுமாரி, ஒற்றை அடுப்பு, 50 லீற்றர் தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்திருந்தார். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் முற்றத்து மாமரத்தின் கீழ் நிற்கிறது.

மாசி மாதம் கிளிநொச்சிக்குப் போய் வந்தபோதுதான் விசயம் வெளித்தது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெட்டை, தண்ணீர். வாடைக்காற்று பக்கவாட்டில் அடித்தது. வானின் பின்பக்கம் வாலை ஆட்டுவது போல ஆடியது. ஸ்ரேறிங்கைச் சற்றுத் திருப்பினால் வான் உடனே கேட்கவில்லை, ஒரு நொடி தாமதித்து ஒரேயடியாகச் சாய்ந்தது. உயரமான வான் காற்றில் ஆடுவது புதிதில்லை. ஆனால் அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஷொக் அப்சோபரைப் பார்த்தேன், நல்லாக இருந்தது. ஸ்ரேறிங் மூட்டுகளையும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. பிறகு பாயை விரித்து வானுக்குக் கீழே படுத்து, கைவிளக்கைப் பின் ரயரின் உட்பக்கம் பிடித்தேன். வெளிப்பக்கம் மினுக்கிக் கறுப்பாக இருந்த ரயர், உட்பக்கம் வரண்ட குளத்துச் சேறு மாதிரி வெடித்துக் கிடந்தது. பெருவிரல் நகம் வெடிப்புக்குள் போனது. ரயர் செய்த திகதியும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம்: 2313. அதாவது 2013ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. பதினொன்றரை வயது. திகதியோடு சேர்ந்த முழு எண் பல ரயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அடித்திருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே விட்டுப் பூட்டினால் வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய வான் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள். முடிவில் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தையது. அதில் ஓடவே கூடாது.

ஓடாமல் நிற்கிற வண்டியின் ரயர் தேய்வதில்லை. அதனால் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து ஏமாந்து போவது சுலபம். றப்பர் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் சூட்டாலும் உள்ளுக்குள் இறுகிப் போகிறது. ஐந்து வயதுக்குப் பிறகு வருடாவருடம் சோதிக்க வேண்டும், பத்து வயதானால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று மிஷலின் போன்ற கம்பனிகளே சொல்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் முற்றத்தில் நிற்கிற வானுக்குப் பத்து வருடம்கூட அதிகம் என்பது என் எண்ணம். நான் ஏழுக்கு மேல் விடமாட்டேன்.

வயதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அதே ரயரில் எழுதியிருந்தது. அளவு 185/65 ஆர் 14, பக்கத்தில் 86. இது கார் ரயர். 14 அங்குல றிம்மில் ஏறும், 185 அகலமும் சரி, ஆகவே யாரோ பூட்டிவிட்டார்கள். ஆனால் அந்த 86தான் சுமை எண். ஒரு ரயர் 530 கிலோ தாங்கும் என்று அர்த்தம். பின் அச்சுக்கு இரண்டு ரயர், 1060 கிலோ.

அப்படியென்றால் என் வானின் பின் அச்சில் எத்தனை கிலோ இருக்கிறது? இதை யாரிடம் கேட்டாலும் ஊகமாகத்தான் சொன்னார்கள். சரி, நிறுத்தே பார்த்துவிடலாம் என்று பழைய இரும்பு வாங்குகிற இடமொன்றில் உள்ள லொறித் தராசுக்கு ஓட்டிப் போனேன். பயணம் போகிற மாதிரியே எல்லாம் ஏற்றினேன்: தண்ணீர்த் தாங்கி நிரம்ப, பெற்றோல் நிரம்ப, காஸ் சிலிண்டர், பாய் தலையணை, நானும் மனுசியும். முதலில் முன் சில்லு இரண்டும் மட்டும் தட்டில் நிற்க நிறுத்தோம், 860. பிறகு முழு வானும், 1990. பிறகு முன் சில்லு இறங்கிப் பின் சில்லு மட்டும், 1130. கூட்டிப் பார்த்தால் சரியாக வந்தது.

பின் அச்சில் 1130 கிலோ. ரயர் தாங்குவது 1060. ஒவ்வொரு பயணத்திலும் குறைந்தது 70 கிலோ அதிகமாக, பதினொரு வயது ரயரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். அந்தத் தராசுத் துண்டைப் பார்த்தபோது உண்மையிலேயே வயிறு கலங்கியது. சுமை கூடிய ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. மடங்க மடங்கச் சூடாகிறது. பங்குனி சித்திரைத் தாரில் அந்தச் சூடு இறங்க வழியில்லை. உள்ளிருக்கிற நூல் அடுக்கு றப்பரைவிட்டுப் பிரிந்து, ரயர் ஓட்டத்திலேயே வெடிக்கிறது. இன்ஜின் பின்னால் உள்ள வானில் பின் ரயர் வெடித்தால் பாரமான பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வரப் பார்க்கும். முன் ரயர் வெடிப்பதைவிட இது பொல்லாதது.

ஆனையிறவில் வால் ஆடியதன் காரணமும் இதுதான். கார் ரயரின் மெல்லிய பக்கச்சுவர் அந்தப் பாரத்தின் கீழ் பக்கவாட்டில் நெளிந்திருக்கிறது.

சரி, எது பொருத்தமான ரயர்? இந்த வானுக்குக் கம்பனி பூட்டிய அளவு 185 ஆர் 14 சி. அதற்கு முந்தைய குறுக்குநூல் ரயர் என்றால் 7.00-14. "சி" என்பது சரக்கு வண்டிக்கான ரயர் என்பதன் அடையாளம். 185க்குப் பிறகு சரிவுக் கோடும் இன்னொரு எண்ணும் (பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்று சொல்கிற எண்) இல்லாததைக் கவனியுங்கள். அது பழைய முழு உயரப் பக்கச்சுவர். அகலத்தில் ஏறக்குறைய 80 வீதத்துக்கு உயரம் வரும். இந்த ரயரின் முழு விட்டம் 650 மில்லிமீற்றர். என் வானில் இருந்த 185/65இன் விட்டம் 596தான்.

இந்த 54 மில்லிமீற்றர் சின்ன விசயமல்ல. சில்லு 8 வீதம் சிறிதானால் அதே தூரத்துக்கு இன்ஜின் 9 வீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். காற்றால் குளிர்கிற இன்ஜினுக்கு இது நேரடிச் சூடு. வேகமானியும் பொய் சொல்லும்: அது 60 காட்டும்போது நான் 55இல் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். வாங்கிய ஆவணியிலிருந்து "இன்ஜின் ஏன் இவ்வளவு இரைகிறது" என்று காபரேற்றரை எத்தனை தரம் திருகியிருப்பேன்! காரணம் சில்லில் இருந்திருக்கிறது.

நகரில் ஸ்ரான்லி வீதிப் பக்கம் முதலில் ஏறிய கடையில் 195/70 ஆர் 14 காட்டினார்கள். சுமை எண் 91, அதாவது 615 கிலோ. இரண்டுக்கு 1230. கணக்கில் 100 கிலோ மிச்சம் வருகிறது. ஆனால் அதுவும் கார் ரயர், பக்கச்சுவர் மெல்லியது, விட்டம் 629. 'தாங்கும்' என்பதும் 'பொருந்தும்' என்பதும் வேறு வேறு. வேண்டாம் என்றேன். அதே கடையில் 185 ஆர் 14 சி இரண்டு கிடந்தன. ஆசையோடு திகதியைத் தேடினேன். 1419. ஆறு வருடம் கிடங்கில் கிடந்த "புது" ரயர். "பாவிக்காததுதானே தம்பி" என்றார் விற்பவர். பாவிக்காவிட்டாலும் றப்பருக்கு வயது போகிறது. விலை குறைப்பதாகச் சொல்லியும் வாங்கவில்லை.

195 ஆர் 14 சி எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். இங்கே வான்களுக்குப் பரவலாகப் போடுகிற அளவு, எங்கும் கிடைக்கும். சுமை எண் 106, ஒன்று 950 கிலோ. எனக்கும் கொஞ்ச நாள் சபலம் இருந்தது. ஒரு நண்பரின் வானிலிருந்து ஒரு சில்லை இரவல் வாங்கி அளந்தேன். விட்டம் 666. பின் மட்கார்ட் விளிம்புக்கும் ரயருக்கும் நடுவே விரல் நுழைவதே கஷ்டம் போலிருந்தது. அகலம் கூடினால், பவர் இல்லாத ஸ்ரேறிங் நின்ற இடத்தில் இன்னும் இறுகும். உபரிச் சில்லுக் குழியிலும் அது இறங்காது. தேவைக்கு மேல் பலம் எடுத்து மற்ற எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வதில் பலனில்லை.

றீபில்ட் ரயர், அதாவது தேய்ந்த ரயரில் மேல் றப்பரை மட்டும் புதிதாக ஒட்டியது, பற்றியும் கேட்டார்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் அது நல்ல ஏற்பாடு, இலங்கையில் நல்ல கைகள் அதைச் செய்கின்றன. ஆனால் என் வான் வருடத்தில் கொஞ்சத் தூரமே ஓடுகிறது. என் பிரச்சினை மேல் றப்பர் தேய்வதல்ல, உள்ளுடல் வயதாவது. பழைய உடலுக்குப் புதுத் தோல் போடுவது இங்கே உதவாது.

வெள்ளை வளையம் போட்ட 7.00-14 குறுக்குநூல் ரயர் இந்த வானில் எவ்வளவு வடிவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். படம் பார்த்து ஏங்கியிருக்கிறேன். ஆனால் மிஷலின் 1946இல் காப்புரிமை எடுத்த றேடியல் அமைப்பு உலகத்தையே மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. குறுக்குநூல் ரயரில் பக்கச்சுவர் மடங்கும்போது தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளிகிறது. றேடியலில் நூல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடுகிறது, மேலே தனியாக இரும்புப் பட்டி. பக்கம் மடங்கினாலும் தரையில் பதிகிற பகுதி தட்டையாகவே நிற்கும். மழை நேரம் ஈரத் தாரில் பிறேக் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். ஒரு அச்சில் ஒன்று றேடியல் மற்றது குறுக்குநூல் என்று மட்டும் ஒருபோதும் கலக்க வேண்டாம்.

கடைசியில் எனக்கு வழிகாட்டியவர் கொக்குவிலில் சில்லு ஒட்டுகிற ஒரு வயதான அண்ணை. எழுபது தாண்டியவர். போர் நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களில் ரயர் ஒட்டியவர். ஓட்டை விழுந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வெட்டி வைத்து, அதன் மேல் ரியூப்பைப் போட்டு ஓடவிட்ட கதைகளைச் சொன்னார். பிறகு என் ரயரைத் தட்டிப் பார்த்து, "அப்ப வேற வழியில்லை, செய்தனாங்கள். இப்ப உனக்கு வழியிருக்கு. எட்டுப் பிளை எடு தம்பி, வேற யோசிக்காத" என்றார்.

எட்டுப் பிளை என்றால் இன்று உண்மையில் எட்டு நூல் அடுக்கு இருக்காது. பருத்தி நூல் காலத்தில் எட்டு அடுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பலம் என்பதற்கான பழைய அளவு. எட்டுப் பிளை 185 ஆர் 14 சியின் பக்கத்தில் 102/100 என்று இருக்கும். 102 என்றால் ஒற்றைச் சில்லாக 850 கிலோ. 100 என்பது லொறி போல இரட்டைச் சில்லாகப் பூட்டும்போது ஒவ்வொன்றுக்கும் 800. எங்களுக்கு முதல் எண்தான். அதற்கடுத்த எழுத்து வேகத்துக்கானது. கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீற்றர். இந்த வான் 120ஐத் தொடுவதே பெரும்பாடு, ஆகவே அந்த எழுத்தைப் பார்த்து நேரம் போக்க வேண்டாம்.

இதே அளவு பழைய ஜப்பான் வான்களுக்கும் போகிறபடியால் தட்டுப்பாடு இல்லை. இரண்டாவது கடையில் சொல்லி வைத்து ஒரு கிழமையில் ஐந்து ரயர் வந்தது. மூன்று 3124, இரண்டு 3324. விலையை எழுதவில்லை, நாளுக்கு நாள் மாறுகிறது.

பூட்டுகிற வேலையில் மினக்கெட்டது றிம்மில்தான். சில்லு போல்ட் இரண்டு உப்புக்காற்றில் துருப்பிடித்து அசைய மறுத்தது. துரு இளக்கும் எண்ணெயை இரவே அடித்துவிட்டு, காலையில் நீளக் குழாய் செருகித் திருப்பினேன். கழற்றுகிறபோது வான் ஜக்கில் தொங்கக் கூடாது. சில்லு தரையில் இருக்கும்போதே போல்ட்டை இளக்கிவிட்டுப் பிறகு தூக்குங்கள்.

ரயர் கழன்ற பிறகு றிம்மின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். ரயரின் விளிம்பு உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் சுற்றிவரச் சின்ன வரம்பு ஒன்று கைக்குப் படவேண்டும். வளைவில் திரும்பும்போது ரயர் உள்ளே சறுக்காமல் பிடிக்கிற வரம்பு அது. அது இருந்தால்தான் ரியூப் இல்லாமல் பூட்டலாம், இல்லாவிட்டால் ரியூப் போட வேண்டும். என்னுடையதில் நாலிலும் இருந்தது. ஒன்றில் விளிம்பு உட்காருகிற இடம் துருவினால் சொறி பிடித்திருந்தது. கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்தேன். இதை விட்டால் எந்த நல்ல ரயரும் கிழமைக்கு ஒருதரம் காற்று இறங்கும். (ஐந்தாவது சில்லுக்கு யாராவது பழைய கொம்பி றிம் தந்தால் போல்ட் வட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். 1970 ஆவணிக்கு முந்தைய வானில் அது 205 மில்லிமீற்றர், பிந்தியதில் 112. இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறாது.)

வால்வையும் புதிதாகப் போட வேண்டும். பழைய வால்வை மடக்கிப் பார்த்தபோது அடியில் சுற்றிவர வெடித்திருந்தது. புது ரயர் போட்டும் பழைய வால்வை விட்டு வைப்பவர்களை என்னால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. ரயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது ரயரின் பாரம் குறைந்த இடம். வால்வுக்கு நேரே வரும்படி பூட்டினால் பலன்ஸ் பண்ண ஈயம் குறைவாகப் போதும். அண்ணை சொல்லாமலே அப்படித்தான் பூட்டினார். திகதி உள்ள பக்கத்தை வெளியே விடும்படி மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். போல்ட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, முடிவில் முறுக்குச் சாவியில் 130 நியூற்றன் மீற்றர். 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்பவும் இறுக்கிப் பார்த்தேன், ஒன்று கால் சுற்று இளகியிருந்தது.

காற்று விசயத்தில் கவனம் வேண்டும். ரயரில் 850 கிலோ என்று இருப்பது அதன் முழுக் காற்றில், அதாவது சதுர அங்குலத்துக்கு 65 இறாத்தல் அழுத்தத்தில். காற்றுக் குறைந்தால் தாங்குவதும் குறையும். அதற்காக இந்த வானுக்கு 65 அடித்தால் கல் போலாகி, சில்லு தரையில் பதியாமல் துள்ளும். இந்த அளவுக்கு இந்த வானில் முன்னுக்கு 30, பின்னுக்கு 40 இறாத்தல் என்பது வழக்கம். அதிலிருந்து தொடங்கினேன். பிறகு ரயரின் குறுக்கே சோக்கால் தடித்த கோடு போட்டு, பலாலி வீதியில் நேரே கொஞ்சத் தூரம் ஓடி இறங்கிப் பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்தால் குறைவு. முன்னுக்குச் சமமாக அழிந்திருந்தது. பின்னுக்கு ஓரம் சற்று முந்தி அழிந்ததால் 42க்கு ஏற்றினேன், சரி வந்தது. ரயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே அளக்க வேண்டும். பக்கத்துக் கடையின் மானியும் என் மானியும் 4 இறாத்தல் வித்தியாசம் காட்டியதால் இப்போது என் மானியை மட்டும் நம்புகிறேன்.

பங்குனியில் திரும்பவும் ஆனையிறவைத் தாண்டினோம், அதே பாரத்தோடு. காற்று இருந்தது. ஸ்ரேறிங்கைத் திருப்பியதும் வான் கேட்டது. குழிகளில் முன்பைவிடக் கொஞ்சம் கடினமாகத்தான் இறங்குகிறது, எட்டுப் பிளையின் இயல்பு அது. இரைச்சல் குறைந்ததை மனுசிதான் முதலில் சொன்னா.

ஐந்தாவது ரயரை அடுத்த நாள் பூட்டி, உபரிச் சில்லுக் குழிக்குள் இறக்கினேன். உறையின் கொளுவி இழுக்காமலே பூட்டியது. அதன் காற்றை 42இல் வைத்து, திகதி 3324 என்று உறையின் உட்பக்கம் பெயின்ற்றால் எழுதி வைத்திருக்கிறேன்.